எல்லாரும் ஏன் 192.168.1-லேயே குடியிருக்கிறோம்?

விண்டோஸ் கம்ப்யூட்டரில் கண்ட்ரோல் பேனல் வழியாகப் போய், நெட்வொர்க் கார்டுக்கு ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அந்தக் கம்ப்யூட்டரின் கதவு எண் மாதிரி) போடும் பெட்டியைத் திறந்து, 10.10.1.20 என்று அடித்துவிட்டு டேப் விசையைத் தட்டிப் பாருங்கள். நீங்கள் எதுவும் சொல்லாமலே கீழே 255.0.0.0 என்று மாஸ்க், அதாவது முகவரியில் எதுவரை நெட்வொர்க் என்று பிரித்துச் சொல்லும் எண், வந்து உட்கார்ந்துகொள்ளும். 172.16.1.20 என்று அடித்தால் 255.255.0.0 வரும். 192.168.1.20 என்றால் 255.255.255.0. கிளாஸ் ஏ, கிளாஸ் பி, கிளாஸ் சி என்று கல்லூரியில் மனப்பாடம் செய்தோமே, அதேதான். இணையத்தில் இந்த கிளாஸ் முறையை 1993-லேயே கைவிட்டுவிட்டார்கள். அந்தச் சின்னப் பெட்டிக்கு மட்டும் யாரும் இன்னும் தகவல் சொல்லவில்லை.

நான் ஈரோடு, பெருந்துறை, பவானி வட்டாரத்தில் ஆபீஸ், மில், கல்யாண மண்டபம் என்று நெட்வொர்க்கும் கேமராவும் போட்டுக் கொடுக்கிறவன். வேலை கேட்டு வருகிறவர்களிடம் வழக்கமாக ஒரு கேள்வி கேட்பேன். "10.5.3.0, மாஸ்க் 255.255.255.0. இது என்ன கிளாஸ்?" பாதிப் பேர் மாஸ்க்கைப் பார்த்து "கிளாஸ் சி-ங்கண்ணா" என்பார்கள். மீதிப் பேர் 10-ஐப் பார்த்து "கிளாஸ் ஏ" என்பார்கள். புத்தகப்படி இரண்டாவதுதான் சரி, ஏனென்றால் கிளாஸ் முதல் எண்ணை வைத்து முடிவாவது. ஆனால் ஒரு பொண்ணு, "அது எதுக்குங்கண்ணா, 254 சாமான் வைக்கலாம், அவ்வளவுதானுங்களே?" என்று திருப்பிக் கேட்டது. அன்றைக்கே வேலைக்கு எடுத்துக்கொண்டேன். பாலிடெக்னிக் முடித்த பிள்ளை. இப்போது ராக்கில் ஒயர் கட்டுவதில் என்னைவிட நேர்த்தி.

கிளாஸ் தெரிந்திருப்பதால் கெடுதல் ஒன்றும் இல்லையே என்று நினைக்கலாம். கெடுதல் உண்டு. ஒரு நூல் மில்லில் பார்த்ததைச் சொல்கிறேன். ஈரோட்டில் ஹெட் ஆபீஸ், பெருந்துறைப் பக்கம் யூனிட். ஹெட் ஆபீஸுக்கு 10.10.1, யூனிட்டுக்கு 10.20.1, இரண்டுக்கும் நடுவில் விபிஎன், அதாவது இணையம் வழியாக இரண்டு நெட்வொர்க்கையும் சேர்க்கும் தனிப்பாதை. எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் முதலாளி கூப்பிட்டார். "ஏனுங்க, அக்கவுண்ட்ஸ்ல புது சிஸ்டம் வாங்கி வெச்சோம். நெட்டு வருது, பிரிண்டர் வருது, யூனிட் சர்வர் மட்டும் வரமாட்டேங்குது. பக்கத்து சிஸ்டத்துல எல்லாம் வருதுங்க." ஆன்டிவைரஸை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள், கேபிளை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள், விண்டோஸையே திரும்பப் போட்டிருக்கிறார்கள்.

நான் போய் கருப்புத் திரையைத் திறந்து யூனிட் சர்வருக்கு ஒரு பிங் அடித்தேன் (எதிர்ப்பக்கம் பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளை). வந்த பதில்: 10.10.1.20-இலிருந்து, டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள். இதில் கவனிக்க வேண்டியது அந்த 10.10.1.20. அது அதே கம்ப்யூட்டரின் சொந்த முகவரி. தன்னிடமே கேட்டு, தானே இல்லை என்று சொல்லிக்கொள்கிறது. பாக்கெட் கேட்வேயை, அதாவது வெளியே போகும் வாசலான ரவுட்டரை, தாண்டிப் போய் எங்கோ தொலைந்திருந்தால் பெரும்பாலும் 'ரெக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்றுதான் வந்திருக்கும். அப்படியென்றால் பாக்கெட் அந்த அறையை விட்டே கிளம்பவில்லை.

காரணம் இதுதான். ஒரு கம்ப்யூட்டர் எதையாவது அனுப்பும் முன் தன் முகவரியையும் போக வேண்டிய முகவரியையும் மாஸ்க்கோடு வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும். மாஸ்க்கில் 255 இருக்கும் இடங்களில் இரண்டும் ஒன்றாக இருந்தால் "இது நம்ம தெருதான்" என்று முடிவு செய்து, தன் கேபிளிலேயே "10.20.1.5 யாரு?" என்று கூவும். ஒத்துப் போகவில்லை என்றால்தான் கேட்வேயிடம் கொடுக்கும். மற்ற கம்ப்யூட்டர்கள் எல்லாம் ரவுட்டரிடமிருந்து தானாக முகவரி வாங்கியவை. அவற்றின் மாஸ்க் 255.255.255.0, ஆகவே 10.20 வேறு இடம் என்று அவற்றுக்குத் தெரியும். இந்தப் புது சிஸ்டத்துக்கு மட்டும் யாரோ கையால் முகவரி அடித்து, டேப் தட்டி, தானாக வந்த 255.0.0.0-ஐ அப்படியே விட்டுவிட்டார்கள். அதன் கணக்கில் 10 என்று தொடங்கும் அத்தனையும், பெருந்துறை உட்பட, அதே அறையில்தான் இருக்கிறது. கூவிக்கொண்டே இருக்கிறது, பதில் சொல்ல ஆளில்லை. நடுவில் இருந்த இரண்டு பூஜ்ஜியத்தை 255 ஆக மாற்றியதும் டேலி (கணக்கு சாஃப்ட்வேர்) திறந்துவிட்டது. முதலாளிக்கு நம்பிக்கை வரவில்லை. "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டுக் காசு கொடுக்க யோசித்தார். அது வேறு கதை.

சரி, இந்த கிளாஸ் எதற்காக வந்தது? அது முட்டாள்தனமான ஏற்பாடு இல்லை. ஐபி முகவரி என்பது 32 பிட். படிக்க வசதியாக எட்டெட்டு பிட்டாக வெட்டி நான்கு எண்ணாக எழுதுகிறோம். முன்பகுதி எந்த நெட்வொர்க் என்றும், பின்பகுதி அதற்குள் எந்தக் கருவி என்றும் சொல்லும். 1980 வாக்கில் இருந்த திட்டத்தில் முதல் எட்டு பிட் மட்டுமே நெட்வொர்க்குக்கு. மொத்த உலகத்துக்கும் 250 சொச்சம் நெட்வொர்க் போதும் என்று நினைத்த காலம். போதாது என்று தெரிந்ததும், 1981 செப்டம்பரில் ஜான் போஸ்டல் தொகுத்து வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 791-இல் கிளாஸ் முறை வந்தது (இணையத்தின் நடைமுறைகளை எழுதி வைக்கும் எண்ணிட்ட குறிப்புகளுக்கு ஆர்.எஃப்.சி. என்று பெயர்). முதல் பிட் 0 என்றால் ஏ: முதல் எண் 0 முதல் 127 வரை, ஒவ்வொரு நெட்வொர்க்கிலும் 1,67,77,214 கருவி. முதல் இரண்டு பிட் 10 என்றால் பி: 128 முதல் 191 வரை, 65,534 கருவி. 110 என்றால் சி: 192 முதல் 223 வரை, 254 கருவி. பிற்பாடு 224 முதல் மல்ட்டிகாஸ்ட்டுக்கான (ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்புவதற்கான) டி, 240 முதல் எதிர்காலத்துக்கென்று ஒதுக்கிய இ.

இதில் அழகு என்னவென்றால், முகவரியின் தலையைப் பார்த்தே நெட்வொர்க் எதுவரை என்று ரவுட்டர் சொல்லிவிடும். மாஸ்க் என்று ஒன்றைத் தனியாகத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். மெமரி என்பது தங்கம் மாதிரி இருந்த நாளில் அது நல்ல யோசனைதான்.

கோளாறு அளவில்தான் வந்தது. 300 கம்ப்யூட்டர் வைத்திருக்கும் கம்பெனிக்கு சி போதாது. பி கொடுத்தால் 65,000-க்கும் மேல் வீண். நடுவில் எதுவும் இல்லை. எல்லாரும் பி கேட்டார்கள். அதற்கு முன்பே வந்து வரிசையில் நின்றவர்களுக்கு ஏ-யே கிடைத்திருந்தது. 17 ஆப்பிளுக்கு, 18 எம்.ஐ.டி.க்கு, 19 ஃபோர்டு கார் கம்பெனிக்கு. ஒன்றே முக்கால் கோடிக்குக் கொஞ்சம் குறைவான முகவரி ஒவ்வொருவர் கையிலும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2000-இல் தன் 36-ஐத் திருப்பிக் கொடுத்தது. எம்.ஐ.டி. 2017-இல் தன்னுடையதில் ஒரு பகுதியை விற்றது. நம் ஊரில் காலி மனையை வளைத்துப் போட்டவர்கள் திருப்பிக் கொடுத்த கதை எதுவும் எனக்குத் தெரியாது என்பதால், ஸ்டான்ஃபோர்டு மேல் எனக்கு ஒரு தனி மரியாதை.

பி தீர்ந்துபோகும் நிலை வந்ததும் 1993 செப்டம்பரில் கிளாஸை எடுத்துவிட்டு, நெட்வொர்க்கின் எல்லையை முகவரியோடு சேர்த்தே எழுதுவது என்று முடிவானது. நாம் எழுதும் /24, /16, /22 எல்லாம் அங்கிருந்து வந்தவை. எத்தனை பிட் நெட்வொர்க்குக்கு என்பதை நீயே சொல்லிவிடு, தலையைப் பார்த்து யாரும் யூகிக்க வேண்டாம். அவ்வளவுதான்.

இதே நெருக்கடியில்தான் பிரைவேட் முகவரிகளும் பிறந்தன. 1994 மார்ச்சில் ஆர்.எஃப்.சி. 1597 என்ற குறிப்பு, உள்ளுக்குள் மட்டும் புழங்குவதற்கு மூன்று தொகுதிகளை ஒதுக்கலாம் என்றது. அதே ஆண்டு ஜூலையில் ஆர்.எஃப்.சி. 1627 அதை எதிர்த்து வந்தது. நெட்வொர்க் 10 கேடு விளைவிக்கும் என்று தலைப்பிலேயே சொன்னது. ஒரே முகவரியை ஊரெல்லாம் வைத்துக்கொண்டால், நாளைக்கு இரண்டு கம்பெனி ஒன்றாகச் சேரும்போது என்ன செய்வீர்கள் என்பது அவர்கள் வாதம். இரண்டு தரப்பும் மோதி, 1996 பிப்ரவரியில் ஆர்.எஃப்.சி. 1918 வந்தது. எதிர்ப்புக் குறிப்பை எழுதியவர்களில் ஒருவரான எலியட் லியர் பெயர் இதிலும் ஆசிரியர் பட்டியலில் இருக்கிறது. திட்டியவரையே கூட உட்கார வைத்து எழுதியிருக்கிறார்கள்.

ஒதுக்கிய மூன்று தொகுதிகள் இவை. 10.0.0.0/8. இது இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டின் பழைய எண். 1990-இல் ஆர்பாநெட்டை மூடியதால் காலியாகக் கிடந்தது. அடுத்து 172.16.0.0/12. அப்புறம் நம் எல்லாருக்கும் தெரிந்த 192.168.0.0/16. பழைய கணக்கில் சொன்னால் ஒரு ஏ, பதினாறு பி, 256 சி. மூன்றையும் கூட்டினால் 1,78,91,328 முகவரி. மொத்த ஐபிவி4-இல் (இந்த 32 பிட் முகவரி முறைக்கு அதுதான் பெயர்) இது அரை சதவீதம்கூட இல்லை. அந்த அரை சதவீதத்துக்குள்தான் உலகத்தின் வீடு, ஆபீஸ், மில் எல்லாம் திரும்பத் திரும்பக் குடியிருக்கிறது. எதற்காக இந்த ஒதுக்கீடு என்பதற்கு அந்தக் குறிப்பில் கொடுத்த உதாரணம் எனக்குப் பிடிக்கும்: விமான நிலையத்தில் வருகை, புறப்பாடு காட்டும் பலகைகள், கடைகளின் கல்லா மெஷின்கள், பணம் எடுக்கும் மெஷின்கள். இவற்றை வெளி உலகம் நேராகத் தொட வேண்டிய அவசியம் இல்லை. இன்றைக்கு ஈரோட்டு ஜவுளிக்கடை பில்லிங் கவுன்ட்டருக்கும் அதே நியாயம்தான்.

மூன்றில் நடுவிலுள்ளதுதான் எல்லாரையும் தடுக்கி விழ வைக்கும். 172 முழுக்க பிரைவேட் என்று நினைப்பவர்கள் நிறைய. ஏன் 16-இல் தொடங்கி 31-இல் முடிகிறது? காகிதத்தில் எழுதிப் பார்த்தால் உடனே விளங்கும். /12 என்றால் முதல் எண்ணின் எட்டு பிட்டும், இரண்டாவது எண்ணின் முதல் நான்கு பிட்டும் கட்டிப்போட்டது. 16-ஐ பிட்டாக எழுதினால் 0001 0000. 31 என்பது 0001 1111. முன்னால் உள்ள 0001 மாறக்கூடாது, பின்னால் உள்ள நான்கும் எப்படி வேண்டுமானாலும் மாறலாம். 32 வந்துவிட்டால் 0010 0000, முன்பகுதியே மாறிவிட்டது, வேலிக்கு வெளியே போய்விட்டோம். 172.32-ஐ உள்ளுக்குள் போட்டு ஓட்டிக்கொண்டிருந்த ஒரு ஆபீஸைப் பார்த்திருக்கிறேன். ஓடத்தான் செய்யும். ஆனால் அது பொது இணையத்தில் வேறு யாருக்கோ சொந்தமான முகவரி. அந்த நிஜச் சொந்தக்காரரின் சர்வரை இந்த ஆபீஸிலிருந்து என்றைக்கும் எட்ட முடியாது. 192.169-உம் இதே ரகம். பார்க்க 168-இன் தம்பி மாதிரி இருக்கும், பிரைவேட் கிடையாது.

இத்தனை வருஷம் இதிலேயே புழங்கியதில், முகவரியைக் கேட்டதும் எதிலிருந்து வந்தது என்று சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. போனில் பேசும்போது "உங்க ஐபி என்னனு பாருங்க" என்பேன். 192.168.29 என்றால் ஜியோஃபைபர் பெட்டி. 172.20.10, மாஸ்க் 255.255.255.240 என்றால் யாரோ ஐபோன் ஹாட்ஸ்பாட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். 192.168.43 என்றால் பழைய ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட். 192.168.137 என்றால் விண்டோஸ் லேப்டாப் நெட்டைப் பகிர்கிறது. 192.168.56 வர்ச்சுவல்பாக்ஸ், 172.17 டாக்கர்; இரண்டும் கம்ப்யூட்டருக்குள்ளேயே தனி நெட்வொர்க் போட்டுக்கொள்ளும் சாஃப்ட்வேர். 169.254 என்று சொன்னால் பிரச்சினை வேறு: முகவரி கொடுக்க ஆள் கிடைக்காமல் கம்ப்யூட்டர் தானே ஒன்றை வைத்துக்கொண்டது, கேபிளையோ ரவுட்டரையோ போய்ப் பாருங்கள் என்று அர்த்தம். "ஆபீஸ்லதாங்க இருக்கேன்" என்று சொன்ன ஒருவர் 172.20.10.3 என்று படித்துக் காட்டியபோது நான் ஒன்றும் சொல்லவில்லை.

டாக்கரின் 172.17 சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்கு நல்ல தலைவலி. ஆபீஸ் சர்வரும் 172.17-இல் இருந்தால், டாக்கர் போட்ட லேப்டாப் மட்டும் அந்த சர்வரைக் கண்டுகொள்ளாது. ஏன் என்பது மில் கதையைப் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். மோடம், ரவுட்டர் பெட்டிகளில் பெரும்பாலானவை 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று கடையிலிருந்தே வருகின்றன. கேமராக்களும் அப்படித்தான்: ஒரு பிரபல பிராண்ட் 192.168.1.64 என்றும் இன்னொன்று 192.168.1.108 என்றும் பெட்டிக்குள்ளிருந்தே வரும். போடுகிறவர் மாற்ற மாட்டார். மாற்றாமலே வேலை நடக்கிறதே. ஊருக்கு ஊர் ஒரு காந்தி ரோடு இருக்கிறது, அதில் 12-ஆம் நம்பர் கதவும் இருக்கிறது. இரண்டு ஊரை ஒரே ஊராட்சியாக்கும் வரை யாருக்கும் சிக்கல் இல்லை. விபிஎன் போடுவது என்றால் அந்த ஊர்களைச் சேர்ப்பதுதான்.

ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு வீட்டிலிருந்து வேலை செய்ய விபிஎன் போட்டிருந்தார்கள். ஆபீஸ் 192.168.1, சர்வர் 192.168.1.50. "கனெக்ட் ஆயிடுச்சுனு காட்டுதுங்கண்ணா, சர்வர் மட்டும் திறக்கல. ஆனா எங்க அக்கா வீட்டுக்குப் போனா நல்லா வேலை செய்யுது" என்றார். அக்கா வீட்டு ராசி என்றே அவர் முடிவுக்கு வந்திருந்தார். விசாரித்தால், அக்கா வீட்டில் ஜியோஃபைபர், அதாவது 192.168.29. இவர் வீட்டில் கேபிள்காரர் கொடுத்த மோடம், அதுவும் 192.168.1. லேப்டாப்பைப் பொறுத்தவரை 192.168.1.50 வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நிஜமாகவே இருந்தது. அது ஹாலில் இருந்த செட் டாப் பாக்ஸ். லேப்டாப் பாவம், டிவி பெட்டியிடம் போய் ஜிஎஸ்டி ஃபைல் கேட்டுக்கொண்டிருந்தது.

வீட்டு மோடத்தை மாற்றினால் இந்த ஒருவருக்குச் சரியாகிவிடும். அடுத்த ஊழியர் வீட்டில் திரும்பவும் இதேதான். மாற வேண்டியது ஆபீஸ். எங்கே போவது என்பதற்கும் அந்த ஆர்.எஃப்.சி. 1918 குறிப்பு அன்றைக்கே பதில் சொல்லியிருக்கிறது: பிற்பாடு இன்னொருவரோடு இணைய வேண்டி வந்தால் மோதல் வரலாம், ஆகவே இந்தத் தொகுதிக்குள் ஏதோ ஒரு இடத்தைக் குலுக்கல் முறையில் எடுங்கள் என்று வலுவாகப் பரிந்துரைக்கிறது. அந்த வரியைத்தான் யாரும் படிக்கவில்லை. கையில் 1.67 கோடி முகவரி உள்ள 10-ஐ வைத்துக்கொண்டு, அங்கேயும் 10.0.0 அல்லது 10.10.10 என்றே எல்லாரும் போய் நெருக்கியடித்து உட்காருகிறார்கள்.

நான் முதலாளிகளிடமே எண் கேட்பேன். 1 முதல் 254 வரை ஏதாவது ஒன்று சொல்லுங்கள் என்பேன். வண்டி நம்பரின் கடைசி இரண்டு எண்ணைச் சொல்வார்கள். கூட்டுத்தொகை 9 வர வேண்டும் என்பார்கள். 8 வரக்கூடாது என்பதில் எல்லாருக்கும் ஒரே கருத்து. ஒருவர் ஜோசியரிடம் கேட்டுவிட்டு மறுநாள் 72 என்று சொன்னார். 10.72 அருமையான தேர்வு, யாரோடும் எளிதில் மோதாது. அதற்குப் பிறகு உள்ளே பிரிப்பது என் வேலை: 10.72.1 ஆபீஸ், 10.72.2 பில்லிங், 10.72.3 கேமரா, 10.72.4 வந்துபோகிறவர்களின் வைஃபை. கேமராவைத் தனியாக வைப்பதில் நான் கறார். பிரைவேட் முகவரி என்பதே பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டு, பாஸ்வேர்ட் மாற்றாத கேமராவையும் பில்லிங் சர்வரையும் ஒரே நெட்வொர்க்கில் வைக்கிறார்கள். வெளியிலிருந்து நேராக நுழைய முடியாது என்பது ஓரளவு உண்மை. உள்ளே வந்துவிட்ட ஒரு வைரஸுக்கு அது ஒரு தடையே இல்லை.

கல்யாண மண்டபத்துக்கு வேறு கணக்கு. முகூர்த்த நேரத்தில் 254 தாண்டிவிடும். போன் வைஃபையைப் பிடித்துக்கொண்டு முகவரி கிடைக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். 192.168.10.0/23 என்று போட்டால் 192.168.10.1 முதல் 192.168.11.254 வரை 510 கிடைக்கும். இதில் 192.168.10.255-உம் 192.168.11.0-உம் சாதாரணமாக ஒரு போனுக்குக் கொடுக்கக்கூடிய நல்ல முகவரிகள். 255-இல் முடிந்தால் பிராட்காஸ்ட் (எல்லாருக்கும் சேர்த்துக் கூவும் முகவரி), 0-இல் முடிந்தால் நெட்வொர்க்கின் பெயர் என்று கிளாஸ் சி-யில் ஊறியவர்கள் இதை ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள். செய்து காட்டினால்தான் உண்டு. கூடவே முகவரியின் வாடகைக் காலத்தை ஒரு நாளிலிருந்து ஒரு மணி நேரமாகக் குறைத்துவிட வேண்டும். காலைப் பந்தியில் சாப்பிட்டுக் கிளம்பியவரின் முகவரி மாலை ரிசப்ஷனுக்கு வருகிறவருக்குக் கிடைக்க வேண்டுமே.

பொதுவாக என்னிடம் வரும் இன்னொரு புகார்: "கேமராவை வெளியூர்ல இருந்து பார்க்க முடியல, போர்ட் ஃபார்வர்டு எல்லாம் பண்ணியாச்சு." வெளியிலிருந்து வருவதை உள்ளே இருக்கும் கேமராவுக்குத் திருப்பிவிடும் ரவுட்டர் ஏற்பாடுதான் போர்ட் ஃபார்வர்டு. ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்து வேன் ஐபி, அதாவது ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி, என்ன என்று பாருங்கள். 100.64 முதல் 100.127-க்குள் ஒன்று இருந்தால் போர்ட் ஃபார்வர்டிங்கை மறந்துவிடலாம். உங்கள் ரவுட்டருக்கே பொது முகவரி கிடையாது, நெட் கொடுக்கும் கம்பெனிக்காரர் தன் இடத்தில் இன்னொரு நேட் (பல முகவரிகளை ஒரே முகவரியாக மாற்றி அனுப்பும் ஏற்பாடு) வைத்து நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே முகவரியில் வெளியே அனுப்புகிறார். முகவரித் தட்டுப்பாடுதான் காரணம். 2011 பிப்ரவரி 3-ஆம் தேதியோடு உலகக் கையிருப்பு முடிந்தது. நம் ஆசிய-பசிபிக் பகுதிக்கு அதே ஏப்ரலில் ரேஷன் தொடங்கியது. இதற்கென்றே 2012 ஏப்ரலில் 100.64.0.0/10 என்று நாற்பது லட்சத்துச் சொச்சம் முகவரியைத் தனியாக ஒதுக்கினார்கள். 10-ஐயே கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். சில உள்ளூர் கேபிள்காரர்கள் அப்படித்தான் கொடுக்கிறார்கள். வீட்டுக்காரரும் உள்ளே 10 வைத்திருந்தால், ரவுட்டரின் இரண்டு பக்கமும் ஒரே எண், அது எந்தப் பக்கம் என்று திகைத்து நிற்கும். பழைய புராணம்தான். இதற்கு வழி, மாதவாடகை கட்டி ஸ்டேட்டிக் ஐபி வாங்குவது, அல்லது கேமரா கம்பெனியின் கியூஆர் கோடு ஆப்பில் பார்ப்பது. நீளமான முகவரி கொண்ட புது முறையான ஐபிவி6 ஒழுங்காகக் கிடைத்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 2016-இல் ஜியோ வந்த பிறகு மொபைலில் அது சாதாரணமாகிவிட்டது. ஆபீஸ் ரவுட்டர்களில் போட்டுவிட்டு வந்தால், அடுத்து வருகிற ஆள் "இது என்ன இவ்வளவு நீளமா இருக்கு" என்று அணைத்துவிட்டுப் போகிறார்.

ஓடிக்கொண்டிருக்கும் ஆபீஸை 192.168.1-இலிருந்து மாற்றுவதுதான் இதில் நிஜமான வேலை. ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொள்வேன். ரவுட்டரில் புது முகவரியைப் போட்டாலும் பழைய 192.168.1.1-ஐ எடுக்க மாட்டேன். இரண்டாவது முகவரியாக அதே போர்ட்டில் விட்டுவைப்பேன். தானாக முகவரி வாங்குபவை எல்லாம் ஒருமுறை அணைத்துப் போட்டாலே புது இடத்துக்கு வந்துவிடும். கையால் முகவரி போட்டவைதான் பழைய இடத்திலேயே நிற்கும். ரவுட்டரின் ஏஆர்பி பட்டியலை (எந்த முகவரி எந்தக் கருவியிடம் என்ற குறிப்பு) திறந்து இன்னும் யார் 192.168.1-இல் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்த்து, ஒவ்வொன்றாகத் தேடிப் போவேன். பிரிண்டர் வரும். மாடியில் எல்லாரும் மறந்துபோன ஒரு வைஃபை பெட்டி வரும். செக்யூரிட்டி அறைக் கேமரா வரும்.

ஆடிட்டர் ஆபீஸில் கடைசியாக மிஞ்சியது வாசலில் இருக்கும் கைரேகை அட்டெண்டன்ஸ் மெஷின். மெனுவுக்குள் போக அட்மின் விரல் கேட்கிறது. அந்த விரலுக்குச் சொந்தக்காரர் வேலையை விட்டுப் போய்விட்டார். ரீசெட் செய்தால் எல்லாருடைய ரேகையும் அழிந்துவிடும், மாதக் கடைசி வரை அதில் கை வைக்க வேண்டாம் என்று ஆடிட்டர் சொல்லிவிட்டார். அதுவரை அந்த ஒரு மெஷினுக்காக மட்டும் பழைய 192.168.1.1 ரவுட்டரில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன். மாதக் கடைசி போய்விட்டது, இன்னும் போன் வரவில்லை.